அதியமான் நெல்லியும் மலாக்கா மரமும்

ஊர்ப் பெயர்களை ஆராய்வார்க்கு மலேசிய நாடு ஒரு தோப்பாகவே தோன்றும். பினாங்கு என்பது பாக்கு. ஈப்போ என்பது ஒரு நச்சு மரம். அதன் பாலை ஊதுகுழல் அம்பின் முனையில் தடவிப் பழங்குடி மக்கள் வேட்டையாடினர். ஈப்போ இரயில் நிலையத்தின் முன்னே அம்மரம் ஒன்றைக் காணலாம். அங்கிருந்து தெற்கே தாப்பாவையும் பீடோரையும் கடந்தால் வரும் சுங்காய் என்னும் பெயரிலும் ஒரு மரம் உண்டு. சுமத்திராவில் அதன் இலையைக் கொதிக்க வைத்துக் காய்ச்சலுக்குக் குடிக்கின்றனர். இவ்வாறு மரப்பெயர் தாங்கிய ஊர்களுள் தமிழர்க்கு மிக நெருங்கியது மலாக்கா. மலாய் மக்கள் மலாக்கா மரம் என்று சொல்வது நம் நெல்லியையே.

மலாக்கா தோன்றிய கதையைச் செஜாரா மெலாயு கூறுகிறது. நாடிழந்து வந்த அரசன் ஒருவன் பெர்த்தாம் ஆற்றங்கரையில் வேட்டையாடினான். அவன் ஒரு மரத்தின்மேல் சாய்ந்து நின்றபோது, அவனுடைய வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் உதைத்து நீரில் தள்ளியது. சருகுமானும் வீரங் காட்டும் இந்நிலம் நகரமைக்க ஏற்றது என்று எண்ணிய அரசன், தான் சாய்ந்திருந்த மரத்தின் பெயரைக் கேட்டான். மலாக்கா என்றனர். அதுவே நகரின் பெயராயிற்று. அந்நூல் அவனை இஸ்கந்தர் ஷா என்று குறிக்கிறது. வரலாற்றாசிரியர் பலர் அவனைப் பரமேசுவரன் என்று கொண்டு, நகரம் எழுந்த காலம் கி.பி. 1400ஐ ஒட்டியது என்பர். மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்களுக்கிடையே அம்மரம் நிற்கிறது.

பெயருக்கு வேறு விளக்கங்களும் இல்லாமலில்லை. அரபு மொழியில் சந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். ஆயினும், வடமொழி ஆமலகமே மலாய் மொழியில் மலாக்கா என்று மருவியது என்னும் கருத்தே வலிவுடையது. அச்சொல் மேற்கேயும் நடந்திருக்கிறது. பாரசீகத்தில் ஆமுல, அரபியில் அம்லஜ், இலத்தீனில் எம்பிலிக்கா என்று அது உருமாறியது. நெல்லி என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் சிங்களத்திலும் வழங்குகிறது. ஒரு பழத்தின் இரு பெயர்களும் இவ்வளவு தொலைவு நடந்திருப்பதைக் காணும்போது, அதை வெறுங் காட்டுக்காய் என்று தள்ள இயலாது. மலாயாக் காடுகளில் வளரும் மலாக்கா மரம் நம் நெல்லிக்கு மிக நெருங்கிய உறவுடைய வேறோர் இனம் என்று தாவரவியலாருள் ஒரு சாரார் பிரிப்பர். இலையும் காயும் அத்துணை ஒத்திருப்பதால், பெயரிட்ட முன்னோர் இரண்டையும் ஒன்றாகக் கொண்டதில் வியப்பில்லை.

மலாக்கா அரசனுக்கு அம்மரம் நிழல் தந்தது. அதன் கனியைப் பற்றி மலாய்க் கதை ஒன்றும் பேசவில்லை. கனியின் கதை நம்முடையது.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியைத் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் படியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. தோட்டப் பள்ளிகளிலும் இக்கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் என்றும், பூதம் காத்த மரம் என்றும், உண்டவர் சாகாவரம் பெறுவர் என்றும் பலவாறு சொல்லக் கேட்கிறோம். மூலமோ மிகச் சிக்கனமானது. புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை வாழ்த்துகிறார். பெரிய மலைப்பிளவில் இருந்ததும் பெறுதற்கு அரியதுமான சிற்றிலை நெல்லியின் கனியை, அதன் பயனைச் சொல்லாமல் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு, தாம் இறவாதிருக்க ஈந்தான் என்கிறார். பன்னிரண்டு ஆண்டும் இல்லை, பூதமும் இல்லை. சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையை ஓரிரண்டு அடிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

இக்கதை ஒரு மயக்கத்துக்கும் துணை செய்தது. சங்க கால ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் ஒருவரல்லர். பின்னவர் பிற்காலச் சோழர் காலத்தவர் என்பர். இருவருக்குமிடையே ஓராயிரம் ஆண்டு இருக்க, இருவரையும் ஒருவராக்கிக் காட்ட நெல்லிக்கனி வசதியாக அமைந்தது. ஈந்தவனுடைய முடிவை மட்டும் கதை சொல்பவர்கள் மறந்துவிடுவர். அவன் தகடூரை ஆண்டவன். அத்தகடூர் இன்றைய தருமபுரி. அவ்வூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அதியமானின் மார்பில் வேல் பாய்ந்ததை ஔவையாரே கையறுநிலையாகப் பாடியிருக்கிறார். எந்தக் கனியும் வேலைத் தடுப்பதில்லை.

அதியமான் கற்பனை மன்னன் அல்லன் என்பதற்குக் கல்லே சான்று. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், 1981இல், குகையொன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி என்று அது கூறுகிறது. பாளி என்பது துறவியர்க்கு அமைத்துத் தந்த கல்லிருக்கை. இக்கல்வெட்டைக் கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர். நெல்லிக்கனியைப் பாட்டும் பாளியைக் கல்லும் சொல்கின்றன. இரண்டும் கொடையைப் பற்றியவையே.

அக்கல்வெட்டிலுள்ள சதியபுதோ என்னும் பட்டம் ஆய்வாளர்க்கு ஒரு பழைய புதிரை விடுவித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசன் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்றொரு குடியும் குறிக்கப்படுகிறது. அவர் யாவர் என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. ஜம்பைக் கல்வெட்டு அவரை அதியர் என்று காட்டிற்று. அசோகன் அங்கே அவர்களைப் பற்றிச் சொல்ல வந்த செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தன் நாட்டிலும் இவ்வயல் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகவும், மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததாகவும், கிழங்குகளையும் பழங்களையும் அவ்வாறே பயிராக்கியதாகவும் அவன் கூறுகிறான். மருந்து மரம் நடும் செய்தியும் அதியர் குடிப்பெயரும் ஒரே கல்லில் இருக்கின்றன. நெல்லியை அசோகன்தான் தமிழகத்துக்கு அனுப்பினான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. நெல்லி நம் மலைகளின் சொந்த மரம். கனியை மருந்தாகக் கருதும் எண்ணம் அரசியலிலும் இடம்பெற்றிருந்த காலம் அது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

அசோகனுக்கும் ஒரு நெல்லிக்கதை உண்டு. அதை அசோகாவதானம் என்னும் பௌத்த நூல் சொல்கிறது. முதுமையில் நோயுற்ற பேரரசன் பொன்னையும் வெள்ளியையும் குக்குடாராமத் துறவியர்க்கு வழங்கிக்கொண்டே இருந்தான். அமைச்சர்கள் கருவூலத்தை அடைத்தனர். கடைசியில் அவன் கையில் எஞ்சியது பாதி நெல்லிக்கனி. உலகாண்டவனுடைய உடைமை இவ்வளவே என்று சொல்லி அதையும் அனுப்பினான். துறவியர் அதை அரைத்துக் கஞ்சியில் கலந்து எல்லாரும் உண்டனர். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பாடலிபுத்திரம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அதன் நினைவாக எழுந்த ஆமலகத் தூபியைக் குறித்திருக்கிறார்.

இவ்வளவு மதிப்பு இக்கனிக்கு எதனால் வந்தது? சங்கப் பாடல்களின் பாலை நிலம் இதற்கு விடை தருகிறது. நீரற்ற வழியில் செல்வோர் நெல்லிக்காயைத் தின்று நிழலில் இருந்த காட்சியை ஐங்குறுநூற்றுப் பாலைப் பாட்டில் காண்கிறோம். நெல்லியை மென்றபின் பருகும் கலங்கல் நீரும் இனிக்கும். கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை இடும் வழக்கமும் நீர் இனிக்கும் என்ற நம்பிக்கையால் வந்ததே. வாடிய வழியில், வேறு பசுமை கிட்டாத பருவத்தில், கைக்கெட்டும் காயாக அது இருந்தது. பரிமேலழகர் இனியவை கூறல் அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு உரை காணுமிடத்து, இனிய கனி என்பதற்கு ஔவை உண்ட நெல்லியை அமிழ்தமாகவும், இன்னாத காய் என்பதற்குக் காஞ்சிரங்காயை நஞ்சாகவும் எடுத்துக்காட்டுகிறார். பேராக்கில் இருந்து இவ்வுரையைப் படிப்பவர்க்கு அமிழ்த மரத்தின் பெயரால் மலாக்காவும் நச்சு மரத்தின் பெயரால் ஈப்போவும் நினைவுக்கு வரலாம்.

மருத்துவ நூலோர் நெல்லியைப் பெரிதும் போற்றினர். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலை. முதுமை நீங்கியதாகச் சொல்லப்படும் சியவன முனிவரின் பெயரால் வழங்கும் லேகியத்துக்கும் நெல்லியே அடிப்படை. இவ்வேடுகள் சொல்வனவற்றுள் எவை உண்மை, எவை புகழ்ச்சி என்று பிரித்தறிவதற்குப் பிற்காலச் சோதனைகள் வேண்டியிருந்தன.

அத்தகைய சோதனை ஒன்று இந்நாட்டிலேயே நிகழ்ந்தது. அது பழத்தைப் பற்றியது அன்று, சோற்றைப் பற்றியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் கால் வீங்கி மாண்டனர். தோட்டத் தமிழரை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் காரணத்தை அரிசியில் தேடினார். சுரங்கத்தார் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் அவர் தம் நூலை வெளியிட்டார். தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொண்ட காரணம். அது தவறு, கண்ட காட்சி சரி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1909இல் அக்காட்சியைச் சோதனையால் உறுதிப்படுத்தினர். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்து ஒன்று, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் ஊறித் தங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. அதையே உயிர்ச்சத்து பி-1 என்கிறோம். புழுங்கல் சோறு உண்ட தோட்டத் தொழிலாளி ஒருவருக்கும் இது தெரியாது. பாட்டி செய்தபடி செய்தனர், பிழைத்தனர்.

நெல்லியின் செய்தியும் இதைப் போன்றதே. கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய புண்ணும் திறந்துகொள்ளும். 1747இல் ஆங்கிலக் கப்பற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அப்பழங்களிலுள்ள சத்து உயிர்ச்சத்து சி என்பது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. உடனே இந்திய ஆய்வாளர் நெல்லியின் பக்கம் திரும்பினர். சென்னையில் தாமோதரனும் நாயரும் 1936இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். காற்றும் சூடும் பட்டால் விரைவில் அழியும் அச்சத்தை, நெல்லியிலுள்ள துவர்ப்புப் பொருள் காக்கிறது என்பதே அது. எலுமிச்சையைக் காய வைத்தால் சத்தின் பெரும்பகுதி போய்விடும். நெல்லியை வற்றலாக்கினாலும் ஓரளவு நிற்கும். 1939-40இல் ஹிசார் வட்டாரத்துப் பஞ்சத்தில் ஸ்கர்வி பரவியபோது, நெல்லிப் பொடி கொடுத்துக் குணங்கண்டனர்.

ஆகவே, ஔவையின் பாட்டை ஓர் அறிவியல் அறிக்கையாகப் படிக்க வேண்டுவதில்லை. ஆனாலும் வறண்ட மலைநாட்டில், கோடையில் பசுங்காய்கள் அற்றுப்போன காலத்தில், ஈறு வீங்கிச் சோர்ந்தவர் நெல்லி தின்று எழுந்ததை மக்கள் கண்டிருக்கக் கூடும். சாவை நீக்கும் கனி என்ற புகழ் அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று கொள்வது மிகையாகாது.

புகழ்ச்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. நூறு கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உண்டு என்று இந்திய உணவு அட்டவணைகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறத்தாழ 250தான். பழைய அளவை முறைகளில் துவர்ப்புப் பொருள்களும் சத்துப் போலவே கணக்கில் சேர்ந்துகொண்டன என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. இருந்தும் என்ன? அதே எடை ஆரஞ்சில் ஐம்பதையொட்டித்தான் இருக்கிறது.

கடல் கடந்து வந்த தமிழரோடு வந்தது பழமன்று. நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கப்பல் பயணம். அதைத் தாங்கக் கூடியது நெல்லிமுள்ளி எனப்படும் வற்றலே. அதை ஊறவைத்து அரைத்துத் தலைக்குத் தேய்ப்பதும், இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து அந்நீரைக் குடிப்பதும், மலச்சிக்கலுக்குத் திரிபலைப் பொடி உண்பதும் வீட்டு வைத்தியமாக நிலைத்தன. ஏகாதசி நோன்பு இருப்போர் மறுநாள் துவாதசியில் அகத்திக் கீரையோடு நெல்லியைச் சேர்த்துக்கொள்வர். வெறும் வயிற்றுக்குப்பின் இவை நல்ல உணவே. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நெல்லி ஆகாது என்னும் விலக்குக்குக் காரணம் யாது என்று முதியோரைக் கேட்டால், ஆகாது என்பதையே மீண்டும் சொல்வர்.

இந்நாட்டில் கவனிக்க வேண்டிய பெயர்க்குழப்பம் ஒன்று உண்டு. மலாய்க் கம்பங்களில் வீட்டோரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் செர்மாயை நாம் அரைநெல்லி என்கிறோம். சிலர் நெல்லி என்றே சொல்லிவிடுவர். அது புளிப்புக்கும் ஊறுகாய்க்கும் நல்லது. பெருநெல்லியின் சத்து அதில் இல்லை. அதன் வேர்ப்பட்டைச் சாறு நஞ்சு. ஆகையால் நெல்லி மரத்து வேர் என்று யாரேனும் சொன்னதைக் கேட்டு அதை வெட்டிக் கொதிக்க வைத்தல் கூடாது. மூன்றாவது, தோட்டத்து வரப்புகளில் தானே முளைக்கும் கீழாநெல்லி. மஞ்சட்காமாலைக்கு அதைப் பாலிலோ மோரிலோ அரைத்துக் குடிப்பது பழைய வழக்கம். சென்னை மருத்துவ ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர் 1988இல், மஞ்சட்காமாலைக் கிருமி உடலில் தங்கியிருந்தோர் முப்பத்தேழு பேருக்கு அதைக் கொடுத்ததில் இருபத்திரண்டு பேரிடம் கிருமிக் குறி மறைந்ததாக எழுதினர். உலகம் நிமிர்ந்து பார்த்தது. பின்னர் வேறிடங்களில் செய்த சோதனைகளில் அவ்விளைவு கிடைக்கவில்லை. ஒரு சோதனையோடு கைதட்டி நின்றுவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டா.

இனி, வீடுகளில் இன்று நேரும் தொல்லைக்கு வருவோம். மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது நூற்றுக்கு 31.4, எல்லா இனத்தாரினும் மிகுதி. நெல்லிச்சாறு சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் என்ற பேச்சு இவ்வீடுகளில்தான் மிகுதியாக உலவுகிறது. அதியமான் கதையைப் படித்து வளர்ந்தவர்க்கு அதை நம்புவது எளிது. நெல்லிப் பொடி இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் சிறிது குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியதுண்டு. மருத்துவமனை மாத்திரைக்கு அது ஈடு என்று கொள்ளப் போதிய சான்று இல்லை. சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவரின் கண்ணும் சிறுநீரகமும் காலும் ஓசையின்றிக் கெடும். மாத்திரையோடு சேர்த்து நாள்தோறும் அளவின்றிக் குடிப்பவர்க்கோ சர்க்கரை வேண்டாத அளவு இறங்கவும் கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே நெல்லிச்சாறு அருந்துதல் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சர்க்கரை நோய்க்கென்று பலர் கடையில் வாங்குவது தேன்நெல்லியை. பாகில் நாட்கணக்கில் ஊறிய காயில் நெல்லியைவிட இனிப்பே மிகுதி. லேகியமும் அவ்வாறே, வெல்லமோ சர்க்கரையோ இன்றி லேகியப் பதம் வராது. பாகில் வேகவைத்த நெல்லியை மருந்து என்று நீரிழிவுக்காரர் உண்பதும், பலகாரக் கடையில் இனிப்பு வாங்கி உண்பதும் ஏறக்குறைய ஒன்றே.

நெல்லியை உண்ண நல்ல வழி மிகப் பழைய வழியே. பச்சைக் காயைக் கீறி உப்புத் தொட்டுத் தின்னலாம். துருவித் தயிரில் கலந்து பச்சடியாக்கலாம். தேங்காயும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைக்கலாம். தமிழகத்திலிருந்து வரும் காய் ஈப்போக் கடைகளில் கிடைக்கிறது. ஓரளவு பெரிய காயில் கொட்டை நீங்கலாக முப்பத்தைந்து கிராம் சதை இருக்கும். புதிய அட்டவணைக் கணக்கையே கொண்டாலும், அதில் பாதியில் நாற்பது மில்லிகிராமுக்குக் குறையாமல் உயிர்ச்சத்து சி உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு 45 மில்லிகிராம். அசோகன் குக்குடாராமத்துக்கு அனுப்பியதும் பாதி நெல்லிதான்.